அக்கிக் கட்டத்தில் ஒரு பூஜ்யம்

முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறேன். அக்கி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், மாத்திரை இருக்கிறது என்று சுவர் சுவராக நோட்டீஸ் ஒட்டிய நானே, எனக்கு அக்கி வந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. மண்பாண்டம் செய்யும் வேளார் வீட்டுக்குப் போனேன். என் பெயர் சுபிக்‌ஷா, செங்காலூரின் கிராம சுகாதார செவிலியர், பதினேழு வருஷ சர்வீஸ். வெட்கக்கேடு என்று நீங்கள் சொல்வதற்குள் நானே சொல்லிக்கொள்கிறேன்.

காரணம் சின்னதுதான். கொப்புளம் இடுப்பில் தொடங்கி மார்புக்குக் கீழே வரை ஒரு பட்டையாக ஏறியிருந்தது. சுகாதார நிலையத்து டாக்டர் என் வீட்டுக்காரரோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர். அவர் முன்னால் ரவிக்கையைத் தூக்கிக் காட்ட எனக்கு மனசு வரவில்லை. வேளார் வீட்டு வர்ஷினி அக்காவிடம் அந்தச் சங்கடம் இல்லை. அவர் பானை வனைகிற கொட்டகைக்குப் பின்னால் ஒரு தட்டி மறைப்பு உண்டு. செங்காவியைக் குழைத்து, கோழி இறகால் தொட்டு, கொப்புளத்தின் மேல் ஒரு சிங்கம் எழுதுவார். எரிச்சல் சட்டென்று குளிர்ந்து போகும். மூன்று நாள் காலையில் போனால் போதும். காசு வாங்க மாட்டார். பெயரும் கேட்க மாட்டார்.

இரண்டாம் நாள் காலையில்தான் எனக்கு உறைத்தது. தட்டிக்கு வெளியே, சுட்டு அடுக்கிய பானைகளுக்கு நடுவே, எனக்கு முன்னால் ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் எங்கள் ஊர்தான். எல்லோருக்கும் அக்கிதான். ரேஷன் கடை விமலேஷ், பஸ் ஓட்டுகிற தனுஜா, இன்னும் ஐந்து பேர். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நானும் திருப்பிக்கொண்டேன். ஒரு நிமிஷம் கழித்து அவர்களை ஒவ்வொருவராக எண்ணத் தொடங்கினேன். ஏன் என்று புரிய, தராசைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

தராசு என்பது ஒரு கணிப்பு இயந்திரம். எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது; என் கையிலிருக்கும் தொடுதிரைப் பலகைக்குள் பேசும், அவ்வளவுதான். 2058ல் சின்னம்மைத் தடுப்பூசி உலகம் முழுவதும் இலவசம். ஆனால் எந்த ஊருக்கு ஊசி, எந்த ஊருக்கு இல்லை என்பதைத் தராசுதான் சொல்லும். ஊசி இல்லாத ஊருக்குத் திறந்த ஊர் என்று பெயர். திறந்த ஊருக்குள் தனியார் டாக்டர்கூட அந்த ஊசியைப் போடக் கூடாது, போட்டால் எடை கெட்டுவிடுமாம்.

போன வருஷம் இதைப் பற்றி மாவட்டத் தொற்றுநோய்ப் பிரிவு டாக்டர் ஜெர்லினிடம் கேட்டேன். நாகர்கோவில்காரர், எதையும் மென்று விழுங்காமல் சொல்கிறவர்.

"சின்னம்மை வந்து போன பிறகும் அந்தக் கிருமி சாகாது, சுபிக்‌ஷா. நரம்புக்குள்ள படுத்துக்கிடும். வயசான பிறகு எந்திரிச்சா அதுதான் அக்கி. சுத்தி இருக்கிற பிள்ளைங்களுக்கு அம்மை வந்துட்டே இருந்தா, பெரியவங்க உடம்புக்கு அப்பப்ப பழைய எதிரி ஞாபகம் வரும், அக்கி அடங்கிக் கிடக்கும்னு ஒரு கருத்து. அப்போ பிள்ளைங்களுக்கு ஊசி போட்டு அம்மைய நிறுத்திட்டா?"

"அக்கி கூடும்."

"கூடலாம்னு பயம். அமெரிக்கா போன நூற்றாண்டுலயே துணிஞ்சு போட்டாங்க. ஜப்பான் பின்னால போட்டாங்க. இங்கிலாந்து முப்பது வருஷம் யோசிச்சிட்டுப் போட்டாங்க. இப்ப யோசிக்கிற வேலையவே தராசுகிட்ட குடுத்தாச்சு. பிள்ளைங்க அம்மைய ஒரு தட்டுல வைக்குது, பெரியவங்க அக்கிய இன்னொரு தட்டுல வைக்குது. உங்க ஊர்ல அம்மை ஏராளம், அக்கி பூஜ்யம். அது எப்படி உங்க ஊருக்கு ஊசி குடுக்கும்?"

அந்தப் பூஜ்யம் சாதாரணப் பூஜ்யம் இல்லை. தராசின் பட்டியலில் உலகம் முழுக்க நாற்பத்திரண்டு பூஜ்ய ஊர்கள். அதில் முதல் பெயர் செங்காலூர். எங்களைக் காட்டித்தான் பல நாடுகளில் நூற்றுக்கணக்கான ஊர்களைத் திறந்து வைத்திருந்தார்கள். பஞ்சாயத்து அலுவலகத்தில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பட்டயம் மாட்டியிருக்கிறது, உலகுக்கு வழிகாட்டும் ஊர் என்று.

அந்தப் பூஜ்யத்தை எழுதியவள் நான். அம்மைக் கட்டத்தை நிரப்புவது எனக்குச் சுலபம். அம்மை கண்டிருக்கும் வீட்டு வாசலில் வேப்பிலை செருகியிருப்பார்கள், தெருவில் நடந்தாலே எண்ணிவிடலாம். அக்கிக் கட்டத்துக்கு ஆஸ்பத்திரி வந்தவர்களை எழுத வேண்டும். ஒருவரும் வந்ததில்லை. தராசு வந்த நாளிலிருந்து ஒன்பது வருஷம், மாதா மாதம், பூஜ்யம் போட்டுக் கையெழுத்தும் போட்டேன். அம்மையை வாசலில் எண்ணினேன், அக்கியை ஆஸ்பத்திரியில் எண்ணினேன். இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டு, அக்கி வந்தவன் எங்கே போவான் என்று தெரிந்த எனக்கு, அது ஒரு தடவைகூட உறைக்கவில்லை. மக்கு.

இதுகூடப் பெரிதில்லை. அதற்கு மேல் ஒன்று உறைத்ததும் தட்டி மறைப்பிலிருந்து காவி காயாமலே எழுந்து ஓடிவந்தேன்.

என் தங்கை ரோஷிணியின் மகள் தும்பைக்கு ஆறு வயது. இரத்தப் புற்று. ஒன்றரை வருஷமாக மதுரையில் வைத்தியம். மருந்து அவள் உடம்பின் எதிர்ப்பைத் துடைத்து வைத்திருக்கிறது. அவளுக்கு அந்த ஊசியைப் போட முடியாது. ஊசியில் உயிருள்ள கிருமி இருக்கிறது. அவளைச் சுற்றியுள்ளவர்கள் போட்டுக்கொண்டால்தான் அவளுக்குக் காவல். சின்னம்மை வந்தால் பிழைப்பது கஷ்டம் என்று மதுரை டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். அதனால் பங்குனி பிறந்தால் அவளுக்கு ஜன்னல்தான் உலகம். எந்த வாசலில் வேப்பிலை தெரிந்தாலும் முதலில் பார்த்துச் சொல்கிறவள் அவள்தான். முதல் வகுப்புக்கு வாங்கிய பை, பிரிக்காமல் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

முந்தின நாள் மாலை நான் அந்தப் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்திருந்தேன். கொப்புளம் இருந்த அதே இடுப்பில்.

டாக்டர் ஜெர்லினுக்குப் போன் போட்டேன். கொப்புளம் உடைந்திருந்ததா, துணி நனைந்திருந்ததா, குழந்தையின் கை பட்டதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஆமாம், ஆமாம், ஆமாம் என்றேன். அக்கித் தண்ணீர் பட்டாலும் எதிர்ப்பு இல்லாத பிள்ளைக்கு அம்மை வரும் என்பது பாடப் புத்தகத்தில் முதல் பக்கத்தில் இருக்கிறது. நானே மற்றவர்களுக்கு வகுப்பு எடுத்திருக்கிறேன். இன்றைக்கே மதுரைக்கு அனுப்பி எதிர்ப்புச் சத்தை நேராக ஏற்றும் வேறொரு ஊசி போடச் சொன்னார். அதன் பிறகு இருபத்தெட்டு நாள் காத்திருக்க வேண்டும். அதுவரை நான் பக்கத்திலேயே போகக் கூடாது.

ரோஷிணிக்கு நானேதான் சொன்னேன். அழுவாள், திட்டுவாள் என்று நினைத்தேன்.

"நர்சுதானக்கா நீ?" என்று மட்டும் கேட்டாள். போனை வைத்துவிட்டாள்.

அந்த ஒரு கேள்வி என்னை ஒரு வாரம் தூங்க விடவில்லை. ஆனால் அழுதுகொண்டு உட்கார எனக்கு நேரமில்லை. தும்பை பிழைத்து வந்தாலும் இதே தெருவுக்குத்தான் வருவாள். வேப்பிலை வாசலையாவது அவளால் பார்க்க முடியும். சட்டைக்குள் காவி பூசிக்கொண்டு நடக்கிறவனை அவள் எப்படிப் பார்ப்பாள்? அக்கிக்காரர்கள் மறைக்காமல் மாத்திரைக்கு வந்தே ஆக வேண்டும், ஊருக்கு ஊசி வந்தே ஆக வேண்டும், பிள்ளைகள் அத்தனை பேருக்கும் போட்டே ஆக வேண்டும் என்று அன்றைக்கு முடிவு கட்டினேன்.

மேலதிகாரி ஒருவருக்கு எழுதினேன். ஒன்பது வருஷப் பூஜ்யமும் பொய், அம்மை சுற்றினாலும் இங்கே அக்கி அடங்கவில்லை, மக்கள் வேளார் வீட்டுக்குப் போகிறார்கள் என்றேன். அவர் போனில் கூப்பிட்டு நிதானமாகப் பேசினார். கேள்விப்பட்டேன் என்பதெல்லாம் தராசுக்கு ஏறாது, பெயரும் சுகாதார எண்ணும் சோதனை முடிவும் அவரவர் சம்மதத்தோடு இருந்தால்தான் ஏற்கும் என்றார். ஒரு குழந்தைக்காக இத்தனை நாட்டுக் கொள்கையைக் குலைக்க முடியுமா என்று கேட்டார். வேண்டுமானால் அந்தக் குடும்பத்தை ஊசி போட்ட ஊருக்கு மாற்றித் தருகிறோம், நல்ல வீடு என்றார். ரோஷிணியிடம் சொன்னேன். அந்த வீட்டில் அவரையே குடியிருக்கச் சொல் என்றாள். அந்தக் கேள்விக்குப் பிறகு அந்த வாரத்தில் அவள் என்னிடம் பேசிய ஒரே வாக்கியம் அதுதான்.

சரி, பெயர் வேண்டும், அவ்வளவுதானே என்று வர்ஷினி அக்காவிடம் போனேன். அவருக்கு ஐம்பது வயது. பேச்சு எப்போதும் சக்கரத்தைப் பார்த்துத்தான்.

"அக்கி எழுத வந்தவுகள நீ ஆரு, எந்த வீடுன்னு கேக்குற வழக்கம் எங்க வீட்ல கெடையாது சுபி. அதுக்காகத்தான் வாராக. ஒன்கிட்ட நான் கேட்டனா?"

கேட்கவில்லை. அதனால்தான் நானும் போனேன்.

கொட்டகைக்கு வெளியே உட்கார்ந்துகொள்ள மட்டும் அனுமதி வாங்கினேன். என் கொப்புளம் காய்ந்து பொருக்குத் தட்டிய மறுநாளே, ஒரு மேசை, சோதனைக் குச்சிகள், மாத்திரைப் பெட்டி, என் பலகை எல்லாவற்றையும் கொண்டுபோய் வைத்தேன். அக்கி எழுதிக்கொண்டு வெளியே வருகிறவர்களிடம் சொல்லுவேன்: காவியும் இருக்கட்டும், மாத்திரையும் சாப்பிடுங்கள், பெயரை மட்டும் சொல்லுங்கள். மாத்திரையை வாங்கினார்கள். பெயர் என்றதும் நழுவினார்கள். ஊருக்குக் கெட்ட பெயர் வந்துவிடும், பட்டயம் போய்விடும், புதுக் குடிநீர் நிலையம் தருவதாகச் சொன்னதும் போய்விடும் என்று ஆளாளுக்கு ஒரு காரணம். அப்படி ஐந்து நாள் போனது.

ஆறாம் நாள் பஞ்சாயத்துத் தலைவர் பிரவீன்குமாரே வந்தார், துண்டால் தலையை மூடிக்கொண்டு. மேசையை எடு என்று சத்தம் போடத்தான் வருகிறார் என்று எழுந்து நின்றேன். துண்டை விலக்கினார். நெற்றியில் அக்கி, கண் இமை வரை இறங்கியிருந்தது. இது கண்ணைப் பறித்துவிடும், உடனே மாத்திரை போடுங்கள், கண் டாக்டரையும் பாருங்கள் என்றேன். பானை அடுக்குக்குப் பின்னால் நின்று மாத்திரையை விழுங்கினார்.

"பேர மட்டும் கேக்காதம்மா. நான்தான அந்தப் பட்டயத்த மேடையேறி வாங்குனேன்" என்றார்.

அவர் போன பிறகு பலகையைத் திறந்தேன். அடுத்தவரிடம் கேட்கிறேனே, நான் சொன்னேனா? என் பொருக்கிலேயே குச்சியைத் தடவிச் சோதித்து, படிவத்தை நிரப்பினேன். பெயர்: சுபிக்‌ஷா. வேலை: கிராம சுகாதார செவிலியர். நோய்: அக்கி. சிகிச்சை பெற்ற இடம் என்பதற்குக் கீழே பெரிய ஆஸ்பத்திரி, சின்ன ஆஸ்பத்திரி என்று பட்டியல் இருந்தது, கடைசியில் மற்றவை. அதைத் தொட்டு, வேளார் வீடு என்று எழுதினேன். மருத்துவமனைக்குச் செல்லாத காரணம் என்று ஒரு கட்டம் காலியாக நின்றது. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வெட்கம் என்று எழுதி அனுப்பினேன். செங்காலூரின் அக்கிக் கட்டத்தில் ஒன்பது வருஷத்துக்குப் பிறகு ஒன்று என்ற எண் விழுந்தது.

மறுநாளே விளக்கம் கேட்டு மேலிடத்திலிருந்து ஓலை வந்தது. ஒன்பது வருஷம் தவறான தகவல் தந்தது ஏன், துறை நடவடிக்கை ஏன் எடுக்கக் கூடாது என்று. எடுங்கள் என்று பதில் எழுதினேன். வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனால் காலையில் மேசையைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டுவிட்டுப் போனவரும் அவர்தான்.

தும்பைக்கு மதுரையில் ஊசி போட்ட பன்னிரண்டாம் நாள் அவள் போனில் முகம் காட்டினாள். ரோஷிணி அருகில் இருந்தும் திரைக்குள் வரவில்லை.

"பெரிம்மா, எந்தெந்தத் தெருவுல வேப்பிலை இருக்கு? சொல்லு, நான் படம் போட்டு வச்சுக்கிறேன். வந்ததும் அந்தத் தெரு வழியாப் போக மாட்டேன்."

நான் சொல்லிக்கொண்டே வந்தேன், பிள்ளையார் கோவில் தெருவில் மூன்று, கீழத் தெருவில் ஐந்து என்று. போனை வைத்தபோது சக்கரம் நின்றிருந்தது. வர்ஷினி அக்கா கை மண்ணோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மொட்டைப் பிள்ளைக்கு என்ன என்று கேட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் எனக்கு முதல் சிங்கம் எழுதிய அன்று சாயந்தரம்தான் அவளைத் தூக்கினேன் என்றும் சொன்னேன். அவர் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் காலை கொட்டகையில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். வர்ஷினி அக்கா காவிக் கிண்ணத்தோடு வந்து தட்டிக்குள் போகாமல் வாசலிலேயே நின்றார்.

"நான் ஆரு பேரையும் கேக்க மாட்டேன். செத்தாலும் கேக்க மாட்டேன். ஆனா அந்தா உக்காந்திருக்காள்ல சுபி, அவ கேக்குறா. அவகிட்டச் சொல்லிட்டு வாரவுகளுக்கு மொதல்ல எழுதுவேன். சொல்லாதவுகளுக்கும் எழுதுவேன், கடைசியா. அம்புட்டுத்தான்."

நான் எழுந்தேன். பெயரை வாங்குவதற்கு முன்னால் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று பட்டது. டாக்டர் ஜெர்லின் என்னிடம் ஒளிக்காமல் சொன்னதை நானும் ஒளிக்காமல் சொன்னேன். பிள்ளைகளுக்கு ஊசி போட்டால் ஊரில் அம்மை நின்றுவிடும். அதனால் நமக்கு, பெரியவர்களுக்கு, சில வருஷம் அக்கி கூடினாலும் கூடலாம். கூடாமலும் போகலாம். யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது. நம்மைக் காப்பாற்றத்தான் பிள்ளைகளுக்கு அம்மை வரட்டும் என்று தராசு விட்டுவைத்திருக்கிறது. நம்மை யாரும் கேட்கவில்லை. இப்போது நான் கேட்கிறேன்.

பஸ் ஓட்டுகிற தனுஜா விலாவைப் பிடித்துக்கொண்டு, இந்த எரிச்சல் இன்னும் கூடுமா என்று கேட்டார். கூடலாம் என்றேன்.

"வரட்டுமே" என்றார் வர்ஷினி அக்கா. "நான் எங்க போகப் போறேன்? எழுதிக்கலாம்."

பின்னாலிருந்து ஒருவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முன்னே வந்தார். மூன்றாம் முறை எழுத வந்த தலைவர்தான்.

"நம்ம வலிக்குப் பயந்து பிள்ளைகளப் பிடிச்சு முன்னால நிறுத்தி வச்சிருக்கோம்னு எனக்கு இன்னைக்குத்தான் தெரியுது. எழுதிக்கம்மா. பிரவீன்குமார், பஞ்சாயத்துத் தலைவர்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்.

அதற்குப் பிறகு எனக்கு நிமிரவே நேரமில்லை. இரண்டு வாரத்தில் அறுபத்து மூன்று பேர். போன வருஷம் வந்தது, அதற்கு முந்தின வருஷம் வந்தது என்று பழைய தழும்பைக் காட்டியவர்களைத் தனியாக எழுதினேன். சோதனைக் குச்சிகள் போதாமல் டாக்டர் ஜெர்லின் தன் காரிலேயே கொண்டுவந்து கொடுத்தார். தட்டிக்குப் பின்னால் ஒரு சிங்கம், மேசைக்கு முன்னால் ஒரு பெயர் என்று வேலை நடந்தது.

இருபத்தெட்டாம் நாள் காலையில் போன் வந்தது. ரோஷிணியின் பெயரைத் திரையில் பார்த்ததும் மாத்திரைப் பெட்டியை மூடி வைத்துவிட்டு எடுத்தேன்.

"ஒரு முத்துகூட போடலக்கா" என்றாள். அப்புறம்தான் அழுதாள். நானும் பானைகளுக்கு நடுவில் உட்கார்ந்து, ஊர் பார்க்க, ஓவென்று அழுதேன்.

தராசின் பதில் அதற்கு மூன்றாம் நாள் வந்தது. பாராட்டும் இல்லை, மன்னிப்பும் இல்லை, ஒரே வரி: செங்காலூர் திறந்த ஊர்ப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. சித்திரை முடிவதற்குள் ஊசி வந்தது. பள்ளிக்கூடத்தில் போட்டோம். தலைவர் கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிவிட்டு, அந்த ஆணியில் ஊசி அட்டவணையை மாட்டினார். என் மீதான விசாரணை இன்னும் நடக்கிறது, நடக்கட்டும். இரண்டாம் தவணையும் போட்டு, ஊரில் ஒரு வேப்பிலை வாசல்கூட இல்லாமல் ஆன பிறகு, ஆவணியில் தும்பை பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். கீழத் தெரு வழியாகத்தான் போனாள்.

எனக்கு ஒன்று மட்டும் அரித்துக்கொண்டே இருந்தது. தராசின் பட்டியலில் இன்னும் நாற்பத்தொரு பூஜ்யங்கள் மிச்சம் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் கீழே என்னைப் போல ஒரு செவிலியின் கையெழுத்து இருக்கும். டாக்டர் ஜெர்லினிடம் முகவரிகளைக் கேட்டு வாங்கினேன். பலகை மொழிபெயர்த்துக் கொடுத்தது. நான் எழுதியது ஒரே கேள்வி: உங்கள் ஊரில் அக்கி வந்தால், ஆஸ்பத்திரிக்கு வராதவர்கள் யாரிடம் போகிறார்கள்?

ஒரு மணி நேரத்துக்குள் முதல் பதில் வந்தது, பிரேசிலின் வடகிழக்கில் ஏதோ ஒரு சின்ன ஊரிலிருந்து. எங்கள் ஊரில் பச்சிலைக் கொத்தை வைத்து மந்திரித்துவிடுகிற அம்மாள் ஒருவர் இருக்கிறார், எல்லோரும் அவரிடம்தான் போவார்கள், இது உங்களுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தாள் அந்தச் செவிலி.

எனக்கும் வந்தது, நானும் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று பதில் எழுதினேன்.

பிறகு ஒரு படிவத்தின் படம் வந்தது. என்னிடம் இருக்கும் அதே அக்கிப் படிவம், அவள் மொழியில். பெயர் கேட்கும் இடத்தில் அவள் பெயர் இருந்தது.